அனுப்பிய மடல் போய்ச் சேராவிட்டால்...

தமிழ்ப்பள்ளியில் மாணவர்களுக்கு மடல் எழுதக் கற்பிக்காத ஆசிரியர் இருக்க முடியாது. அனுப்புநர் முகவரி எங்கே வரவேண்டும், நாளை எப்படிக் குறிக்கவேண்டும், உறவு மடலுக்கும் அலுவல் மடலுக்கும் விளியில் என்ன வேறுபாடு என்றெல்லாம் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறோம். உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் இளையோருக்கென்றே அனைத்துலக மடல் எழுதும் போட்டி ஒன்றை நடத்தி வருகிறது. எழுதுவதற்குப் பயிற்சி உண்டு, பரிசும் உண்டு. ஆனால், எழுதி உறையிலிட்டு, அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போட்ட மடல் போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது? நான் கற்பித்த பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தியைக்கூடப் பார்த்ததில்லை. பெற்றோருக்காகவும் பழைய மாணவர்களுக்காகவும் பல ஆண்டுகளாக அஞ்சலகப் படிகளை ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அன்பர்களுக்கு என்றேனும் உதவலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மடல் காணவில்லை என்று சொல்லும்போது நாம் இழந்திருப்பவை இரண்டு. ஒன்று, அந்தத் தாள். மற்றொன்று, அந்தத் தாளை அனுப்பினோம் என்பதற்கான சான்று. தாள் எங்கே போகிறது என்பது நம் கையில் இல்லை. சான்றோ, அஞ்சலக முகப்பின் முன்னால் நிற்கும் ஐந்து நிமிடத்தில் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. மடல் காணாமற் போனபின் ஓடித் திரிபவர்களில் பெரும்பாலோர் தாளையே தேடுகிறார்கள். அவர்களைக் காப்பாற்றக் கூடியது சான்றுதான் என்பது காலம் கடந்தே தெரிய வருகிறது.

சாதாரண அஞ்சல்தலை ஒட்டிச் சிவப்புப் பெட்டிக்குள் போட்ட மடலுக்கு எண் கிடையாது. அது எந்தப் பையில் ஏறியது, எங்கே இறங்கியது என்று எந்தக் கணினியிலும் பதிவு இராது. அதைத் தேடிக் கொடுங்கள் என்று அஞ்சலகத்தில் போய் நிற்பது, ஆற்றில் விட்ட காகிதக் கப்பலைக் கேட்பது போன்றது. முறையீடு செய்யலாம், தவறில்லை. ஒரே பகுதியிலிருந்து பலர் முறையிட்டால் அங்கே ஏதோ கோளாறு இருப்பது அவர்களுக்கும் தெரியவரும். ஆனால், உங்கள் வேலை நடக்கவேண்டுமென்றால் படியை எடுத்து மறுபடியும் அனுப்புவதே வழி. உள்நாட்டு மடலுக்கு நான் இரண்டு வாரம் பொறுப்பேன். பெருநாள் காலங்களில் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் பொறுப்பேன். அதற்குமேல் காத்திருப்பதில் பயனில்லை.

மறுபடி அனுப்புமுன் ஒன்று செய்யவேண்டும். காணாமற் போனதாகச் சொல்லப்படும் மடல்களில் பல உண்மையில் காணாமற் போவதில்லை, வேறெங்கோ கிடக்கின்றன. அடுத்த தாமானில் அதே எண்ணுள்ள வீட்டில், மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்குக் கீழே, கோயில் அலுவலக மேசையில் என்று நானே கண்டெடுத்த மடல்கள் பல. ஆகவே, முதலில் பார்க்கவேண்டியது நாம் எழுதிய முகவரியை.

பாரிட் புந்தாரில் குடியிருப்போருக்கு இதில் ஒரு தனித்தொல்லை உண்டு. பேராக் மாநிலத்திலேயே 'பாரிட்' என்று வேறோர் ஊர் இருக்கிறது. அதன் அஞ்சல் குறியீட்டு எண் 32800. நம்முடையது 34200. வெளியூர் அன்பர்கள் சோம்பல்பட்டு 'பாரிட், பேராக்' என்று எழுதி, எண்ணையும் விட்டுவிட்டால் மடல் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதுமட்டுமா? நம் ஊர் மூன்று மாநிலங்கள் கூடும் முனையில் இருக்கிறது. கிரியான் ஆற்றைக் கடந்தால் பண்டார் பாரு. அது கெடா மாநிலம். ஆனால் அதன் எண் 34950. அதாவது, நம்மைப் போலவே 34-இல் தொடங்குகிறது. பக்கத்திலுள்ள நிபோங் திபால் பினாங்கு மாநிலம். அதன் எண் 14300. ஆற்றின் இருகரையில் உள்ளவர்கள் ஒரே சந்தையில் மீன் வாங்கலாம். அஞ்சல் பைகள் அப்படிக் கலப்பதில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்ததும் இதே காரணத்தால்தான். ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல மொழிகளில் பல எழுத்துக் கூட்டல்கள். பெயர் ஏமாற்றும், எண் அவ்வளவாக ஏமாற்றாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. இங்கிலாந்தில் 1817-இல் கம்பளி வணிகர் ஒருவர் விற்பனை மடல் ஒன்றை எழுதினார். போகவேண்டியது வூஸ்டர் மாவட்டத்துப் புரோம்ஸ்குரோவ். உறையின்மேல் லெஸ்டர் மாவட்டம் என்று எழுதப்பட்டுவிட்டது. மடல் சுற்றிக்கொண்டு தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தது. பெற்றவர் அன்றே ஒப்புதல் எழுதினார். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் வணிகர் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். 'ஆடம்ஸ் எதிர் லின்ட்செல்' என்ற அந்த வழக்கில் 1818-இல் தீர்ப்பு வந்தது. வணிகர் தோற்றார். ஒப்புதல் மடல் அஞ்சலில் இடப்பட்டபோதே ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றது நீதிமன்றம். இன்றைக்கும் சட்டம் பயிலும் மாணவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளுள் இதுவும் ஒன்று.

முகவரியைப் பற்றிப் பேசும்போது பெயரையும் சொல்லியாக வேண்டும். தமிழர் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரே இலெட்சுமி நான்கு விதமாக வருவார். தமிழ்நாட்டு உறவினர் தலைப்பெழுத்து வைத்து எழுதுவர். நம் அடையாள அட்டையிலோ தந்தை பெயர் முழுமையாக 'ஏ.எல்.', 'ஏ.பி.' என்ற குறியோடு இருக்கும். பதிவு அஞ்சலை வாங்க அஞ்சலகத்துக்குப் போனால் உறையிலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப் போகவேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரை உறையில் எழுதி, முகப்பில் நின்று வாதாடியவர்களை எனக்குத் தெரியும். மடலின் உள்ளே தூயதமிழில் எழுதுங்கள், மகிழ்ச்சி. உறையின்மேல் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தமிழாசிரியன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பர். அஞ்சல்காரருக்குத் தமிழ் கற்பிப்பது என் வேலையன்று.

இனி, நம் மக்களின் மடல்கள் மிகுதியாகத் தொலைந்த இடத்துக்கு வருவோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்கே அஞ்சல் எப்படி வந்தது என்பது நினைவிருக்கும். முகவரியில் வீட்டு எண் பெரும்பாலும் இராது. பெயர், தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர், அவ்வளவுதான். மடல்கள் கட்டாகத் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பிரித்து வைப்பார். காலைப் பெரட்டில் பெயர் படித்துக் கொடுப்பார். அல்லது யாரிடமாவது கொடுத்தனுப்புவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்தும் காட்டுவார். யாருக்கு எங்கிருந்து மடல் வந்தது என்பது தோட்டத்துக்கே தெரியும். தனிமை என்பது இல்லை. ஆனால் மடல் தொலைவதும் அரிது. ஆளுக்கு வீடு மாறலாம், லயம் மாறலாம். கிராணியாருக்கு ஆளைத் தெரியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது நாம் வேலை போனதைப் பேசினோம், வீடு போனதைப் பேசினோம், கோயிலும் பள்ளியும் இடம்பெயர்ந்ததைப் பேசினோம். முகவரி போனதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. தோட்ட அலுவலகம் மூடப்பட்ட நாளில் அத்தனை குடும்பங்களின் முகவரியும் ஒன்றாகச் செத்துப் போயிற்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் அந்தச் செத்த முகவரியே தொடர்ந்து உயிரோடிருந்தது. மடல்கள் அங்கேயே போய்க் கொண்டிருந்தன.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாயாருக்கே அடையாள ஆவணம் இல்லை. பெற்றோரின் திருமணமும் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தும் குடியுரிமை இல்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அப்போது இருபத்தொரு வயது நிறையாத பிள்ளைகளைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிவு செய்ய இடம் தந்தது. அந்தப் பிரிவின்கீழ் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். ஓர் ஆண்டு போயிற்று, இரண்டு ஆண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. பையன் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்துக்கு வந்துவிட்டான். ஒரு நாள் தந்தை என்னைத் தேடிவந்து, கொஞ்சம் உடன் வந்து கேட்டுப் பாருங்கள் என்றார். சென்றோம்.

அங்கிருந்த அதிகாரி கோப்பை எடுத்து வரச் செய்து பார்த்தார். நேர்காணலுக்கு வரும்படியும் இன்னும் சில ஆவணங்கள் கொண்டு வரும்படியும் எட்டுத் திங்களுக்கு முன்பே மடல் அனுப்பப்பட்டிருந்தது. யாரும் வரவில்லை, பதிலும் இல்லை, கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். முகவரியைப் பார்த்தேன். பழைய தோட்டத்தின் பெயர். அந்த இடத்தில் அப்போது மேட்டுநிலம் வெட்டிச் சமப்படுத்திய செம்மண் தரைதான் இருந்தது.

வெளியே வந்ததும் தந்தை, "சார், அந்தத் தோட்டமே இல்ல, கடுதாசி மட்டும் எங்க வரும்?" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பையனுக்கு வயது பதினைந்து. இன்னும் ஆறு ஆண்டுகள் கழிந்தால் அந்தப் பிரிவின் கதவு மூடிவிடும்.

நாங்கள் செய்தவை பெரிய செயல்கள் அல்ல. அந்த மடலின் குறிப்பெண்ணையும் நாளையும் கேட்டுக் குறித்துக் கொண்டோம். அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போய், குறிப்பிட்ட நாளிட்ட மடல் எங்களுக்குக் கிடைக்கவில்லை, பழைய இருப்பிடம் அழிக்கப்பட்டுவிட்டது, இப்போது இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று புகார் எழுதிக் கொடுத்துப் படி வாங்கினோம். இதற்குக் கட்டணம் இல்லை. குற்றம் நடந்ததாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. 'இந்த நாளில் இதைச் சொன்னேன்' என்பதற்கு நாளும் முத்திரையும் இட்ட தாள் ஒன்று கிடைக்கிறது, அதுதான் வேண்டியது. பின் புதிய முகவரியைத் தெரிவித்தும் நேர்காணலுக்கு மறுபடி அழைக்கக் கோரியும் விளக்க மடல் எழுதி, புகார்ப் படியை இணைத்து, ஏற்பொப்ப அட்டையோடு கூடிய பதிவு அஞ்சலில் அனுப்பினோம். 'ஏ.ஆர்.' என்று அஞ்சலகத்தில் சொல்வார்கள். பெறுபவர் ஒப்பமிட்ட அட்டை நமக்கே திரும்பி வரும். இரண்டு வாரத்தில் வந்தது. பையனின் பழைய பயிற்றேடு ஒன்றில் அதை ஒட்டிவைத்தார் தந்தை. பற்றுச்சீட்டு, புகார்ப் படி, மடற்படி எல்லாம் அதே ஏட்டில். அடுத்தமுறை அலுவலகத்துக்குப் போனபோது கோப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏட்டைத் திறந்து நீட்டினால் போதுமாயிருந்தது.

மறு அழைப்பு வர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதன்பிறகும் காத்திருப்புத்தான். இருபது வயது நிறைவதற்குச் சில திங்கள் முன்னதாக அவனுக்கு நீல அடையாள அட்டை கிடைத்தது. அந்த ஏடு இல்லாதிருந்தாலும் கிடைத்திருக்குமோ என்னவோ, நான் அறியேன். ஆனால் அவனைப் போன்றே விண்ணப்பித்து, மடல் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் இருபத்தொன்றைக் கடந்துவிட்டவர்களையும் நான் அறிவேன்.

'எனக்கு மடல் வரவில்லை' என்று சொன்னால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் போதாது. சட்டம் அஞ்சலை நம்புகிறது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் 114-ஆம் பிரிவு, காரியங்கள் வழக்கமான போக்கிலேயே நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்க இடமளிக்கிறது. பொருள்விளக்கச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. சட்டப்படி அஞ்சலில் சேர்க்கவேண்டிய ஓர் ஆவணத்தைச் சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், வழக்கமாகச் சேரவேண்டிய நாளில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியது பெறவில்லை என்பவரின் பொறுப்பு. வராத ஒன்று வரவில்லை என்பதை எப்படி மெய்ப்பிப்பது? இங்கேதான் நாளிட்ட புகாரும் முகவரி மாற்றிய பதிவும் உதவுகின்றன.

இந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் ஒன்றை மறக்கவில்லை. அதே 114-ஆம் பிரிவின் விளக்கத்தில், மடல் அஞ்சலில் இடப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டாலும், கலகங்களால் அஞ்சலின் வழக்கமான போக்கு தடைப்பட்டிருந்தால் அதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டும் என்று இருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சப்பானியர் காலம்தான் நினைவுக்கு வரும். 1941 திசம்பரில் அவர்கள் மலாயாவில் இறங்கியதிலிருந்து 1945 வரை தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையே வழக்கமான அஞ்சல் இல்லை. பணம் அனுப்ப வழியில்லை. இறப்புச் செய்திகூட அனுப்ப வழியில்லை. சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழரிடமிருந்தோ, பக்கத்து நாட்டில் இருந்தும், ஒரு வரியும் வரவில்லை. திரும்பி வந்தவர் சொன்ன வாய்ச்சொல்தான் மடல். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மறுபுறம், அனுப்பியவருக்குச் சட்டம் அரணாக நின்ற வழக்கொன்று நம் நாட்டிலேயே உண்டு. 'இக்னேசியஸ் எதிர் பெல்', 1913. ஒரு நிலத்தை 1912 ஆகஸ்டு 20-க்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை இக்னேசியசுக்கு இருந்தது. ஆகஸ்டு 16-இல் கிள்ளானில் பதிவு அஞ்சலில் தம் ஒப்புதலை அனுப்பினார். பெறவேண்டிய பெல் ஊரில் இல்லை. மடல் கோலசிலாங்கூர் அஞ்சலகத்திலேயே கிடந்து, 25-ஆம் நாள் மாலைதான் அவர் கைக்குப் போயிற்று. கெடு கடந்து ஐந்து நாள். ஆனால் அஞ்சலில் இட்ட நாளே ஒப்புதல் நாள் என்று தீர்ப்பாயிற்று. இன்றைய 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதே போக்கில்தான் அமைந்திருக்கிறது. அன்று இக்னேசியசைக் காத்தது, நாள் குறித்த பதிவு அஞ்சல். வெறும் அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டிருந்தால் 16-ஆம் நாள் அனுப்பினேன் என்பதை எப்படிக் காட்டியிருப்பார்?

மடல் போய்ச் சேரவே இல்லையென்றால்? அதற்கும் வழக்குண்டு. இங்கிலாந்தில் 1879-இல், கிராண்ட் என்பவருக்கு நிறுவனப் பங்கு ஒதுக்கிய மடல் அவரிடம் சேரவே இல்லை. நிறுவனம் நொடித்தபின், நீர் பங்குதாரர்தான், பணத்தைக் கட்டும் என்று தீர்ப்பாயிற்று. பிராம்வெல் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். போய்ச் சேராத மடல் எழுதப்படாத மடலுக்கு ஒப்பானது என்பது அவர் கருத்து. எனக்கென்னவோ அவர் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் அவர் தோற்ற பக்கத்தில் இருந்தார்.

இதைப் படித்துவிட்டு, அனுப்பினாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் வழக்கறிஞன் அல்லன். விண்ணப்பப் பாரங்களில் 'இந்த நாளுக்குள் எங்களிடம் வந்து சேரவேண்டும்' என்று எழுதியிருந்தால் மேற்சொன்ன விதி கைகொடுக்காது. அப்படிப்பட்ட மடலைக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பாகவே அனுப்புங்கள். இல்லையேல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எண்ணோடு அனுப்பிய மடல் காணவில்லை என்றால் வழி தெளிவாகவே இருக்கிறது. பற்றுச்சீட்டிலுள்ள எண்ணைப் போஸ் மலேசியாவின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். கடைசியாக எந்த நிலையத்தில் பதிவாகியிருக்கிறது என்பதே துப்பு. சேர்ப்பிக்க முயன்று ஆளில்லாமல் திரும்பியிருந்தால், பெறுபவர் பக்கத்து அஞ்சலகத்தில் அது காத்திருக்கக் கூடும். சில நாட்களில் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். ஆகவே அங்கே விரைந்து கேட்கச் சொல்லுங்கள். பதிவு நின்றுபோயிருந்தால் எழுத்துமூலம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் பேசிவிட்டு எண் வாங்காமல் வைத்துவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பொருத்தமான பதில் வராவிட்டால் அடுத்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். அஞ்சல்துறை அதன் கண்காணிப்பில் இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். இழப்பீடு ஒரு வரம்புக்குள்தான். உள்ளே இருந்த ஆவணத்தின் மதிப்புக்கு ஏற்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. உறைக்குள் பணத்தாள் வைப்பதை நம் மூத்தோர் சிலர் இன்றும் விடவில்லை. அன்புகூர்ந்து விட்டுவிடச் சொல்லுங்கள்.

அந்தப் பதின்மூன்று குறிகள் கொண்ட எண்ணைப் பற்றி ஒரு சிறு சுவைச்செய்தி. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் நாட்டுக்குறி. நம் நாட்டுக்கு 'எம்.ஒய்.' ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் காவற்காரன். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வரவேண்டும். (10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்வர்.) 12345678 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 204, மீதி 6, காவல் இலக்கம் 5. ஆறாம் ஆண்டுக் கணிதத்துக்கு நல்ல பயிற்சி. தொலைபேசியில் எண்ணைச் சொல்லும்போது இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டால் கணக்கு ஒத்துவராது. 'அப்படியோர் எண் இல்லை' என்று பதில் வரும். மடல் தொலைந்துவிட்டது என்று பதறுமுன் எண்ணைச் சரிபாருங்கள்.

வெளிநாட்டு மடலுக்கு உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி பொருந்தும். 1874-இல் பெர்ன் நகரில் தோன்றிய அமைப்பு அது. எண்ணிட்ட அஞ்சலைப் பற்றி, அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் விசாரணை கேட்கவேண்டும். பொதுவாக அனுப்பியவர் தம் நாட்டு அஞ்சலகத்திலேயே அதைத் தொடங்குவது எளிது. தமிழ்நாட்டிலிருந்து நூல் அனுப்பிய பதிப்பகத்தாரிடம் நாம் கேட்க வேண்டியது, "அங்கே விசாரணை எழுதிக் கொடுத்தீர்களா?" என்பதே. பலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. ஆறு திங்களும் கடந்துவிடுகின்றன. இந்தியாவில் 2025-இல் பதிவு அஞ்சல் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய பழக்கத்தில் பதிவு அஞ்சல் கேட்பவர்கள் அங்கே என்ன பெயரில் அனுப்பினார்கள் என்பதையும் கேட்டுக்கொள்க.

ஆறு திங்களைத் தாண்டியும் மடல் வருவதுண்டு. 1966 சனவரி 24-இல் 'கஞ்சன்சங்கா' என்ற ஏர் இந்தியா வானூர்தி ஆல்ப்சு மலையில், மொண்ட் பிளாங்கில் மோதி அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். அணு அறிவியலறிஞர் ஓமி பாபாவும் அதில் இருந்தார். 2012 ஆகஸ்டில் அங்கே பனியாற்றிலிருந்து ஒரு பை வெளிப்பட்டது. இந்திய வெளியுறவு அமைச்சின் அரசதந்திர அஞ்சல் பை. நாற்பத்தாறு ஆண்டுகள் பனிக்குள் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறது.

பெறுபவராக இருக்கும்போது நாம் செய்யவேண்டியவை சில. வீடு மாறினால் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுவது சட்டப்படியே கடமை. அதோடு விட்டுவிடக் கூடாது. எந்தெந்த அலுவலகத்தில் நம் பெயரில் கோப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் தனித்தனியாகத் தெரிவிக்கவேண்டும். ஓர் அலுவலகத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கையால் கெட்டவர்கள் பலர். தாமதமாக வந்த மடலின் உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதன்மேலுள்ள அஞ்சல் முத்திரைதான், எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. வெளுத்துப் போகும் தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டை உடனே படியெடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள்தான் இருக்கும்.

தென்மார்க்கில் 2025 திசம்பர் 30-உடன் அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் மடல் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. 1624-இல் தொடங்கிய பணி. இங்கேயும் மேற்கல்விச் சேர்க்கை முடிவுகள் இணையத்துக்குப் போய்விட்டன. ஆனால் நீதிமன்ற அழைப்பும் நில அறிவிப்பும் வங்கியின் வழக்கறிஞர் மடலும் இன்னும் உறைக்குள்தான் வருகின்றன. நமக்கு நன்மை தருபவை திரையில் வருகின்றன. கெடுவைத்து மிரட்டுபவை தாளில் வருகின்றன என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கடைசியாக, மூல ஆவணங்களை அஞ்சலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், பள்ளி விலகல் சான்றிதழ் எதுவானாலும் உறுதிப்படுத்திய படியைத்தான் அனுப்ப வேண்டும். மூலத்தையே கேட்டால் நேரில் போய்க் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். அப்படி நேரில் மடல் கொடுக்கும்போது இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரையும் நாளும் கேளுங்கள். முகப்பில் இருப்பவர் சலித்துக்கொண்டாலும் முத்திரை விழும்வரை அங்கேயே நில்லுங்கள்.